செவலை விழுங்கிய முத்து

கோழியைத் தலைகீழாகப் பிடிப்பதற்கு ஒரு பக்குவம் உண்டு. இரண்டு காலையும் இடது கைக்குள் சேர்த்துப் பிடித்து, அதன் முதுகை நம் வயிற்றோடு அணைத்துக்கொண்டு மெதுவாகக் குனிய வேண்டும். கழுத்தடியில் தொங்கும் இரைப்பையை வலது கையால் வாய்ப்பக்கமாகத் தடவிவிட வேண்டும். அலகு வழியாகப் புளித்த தண்ணீர் வடியும். அது பாவாடையில் படாமல் நிற்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒன்பது மாதம் நான் இதைத் தினமும் விடியற்காலையில் கிணற்றடியில் நின்று செய்திருக்கிறேன். மூன்று நாள் மூடி வைத்த பழைய சோற்று நீச்சத்தண்ணியின் நாற்றம் அது. சோப்புப் போட்டுக் கழுவினாலும் விரலிடுக்கில் பள்ளிக்கூடம் வரைக்கும் கூடவே வரும். பக்கத்தில் உட்காருகிற பிள்ளைகள் நகர்ந்து உட்காருவார்கள். நான் அலட்டிக்கொள்ளவில்லை. அந்த வயதில் எனக்கு உலகத்தில் இருந்த ஒரே சொத்து அந்தக் கோழிதான்.

இந்தத் தொடரைப் படிக்கும் திருச்செந்தூர் வாசகி ஒருவர், "உங்கள் மாமாவைப் பாதியிலேயே விட்டுவிட்டீர்களே, அவர் என்ன ஆனார்?" என்று இரண்டு கடிதம் போட்டுவிட்டார். வேண்டுமென்றேதான் விட்டேன். மாமாவைப் பற்றி எழுத வேண்டுமானால் முதலில் என் கோழி செவலையைப் பற்றி எழுத வேண்டும். செவலையைப் பற்றி எழுதினால் என்னைப் பற்றி எழுத வேண்டியதாகிவிடும். சரி, எழுதித் தொலைக்கிறேன்.

மூன்று குஞ்சுகளில் ஒன்று

சண்டைக் காலம். ஜப்பான்காரன் தூத்துக்குடித் துறைமுகத்தில் குண்டு போடப் போகிறான் என்று யாரோ கிளப்பிவிட, எங்கள் தெருவில் பாதிப் பேர் சட்டிபானையைக் கட்டிக்கொண்டு உள்நாட்டுக்குப் போய்விட்டார்கள். அடுத்த வீட்டு செபஸ்தியம்மாள், நாசரேத்தில் தெரிந்தவர்கள் வீட்டுக்குக் கிளம்பும்போது மூன்று கோழிக்குஞ்சுகளை ஒரு நார்ப்பெட்டியில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

நாங்கள் போகவில்லை. அய்யாவுக்குத் தோணிகளில் உப்பு மூட்டை ஏற்றுவதை மேற்பார்க்கிற வேலை. சண்டை வந்தாலும் உலகம் உப்புத் தின்றுதானே ஆக வேண்டும் என்பார். குண்டு விழவில்லை. இரண்டு குஞ்சுகளைப் பருந்து கொண்டுபோனது. மிச்சமிருந்ததுதான் செவலை. செபஸ்தியம்மாள் திரும்பி வந்தபோது அது பெட்டைக்கோழியாகி, என் தோளில் ஏறி உட்காருகிற அளவுக்குக் கெட்டுப்போயிருந்தது. அவள் பார்த்துவிட்டு, "நீயே வச்சுக்கோ மக்களே" என்று சொல்லிவிட்டாள்.

முதல் முட்டைகள் இட்டு முடித்த கையோடு அதற்குச் சீக்கு வந்தது. தின்ற இரை இறங்காமல் இரைப்பையிலேயே தங்கிப் புளித்தது. பை உப்பி, மடிச்சீலை மாதிரி தொங்கியது. நடக்கும்போது அது இடமும் வலமுமாக ஆடும். முட்டை நின்றது. ஆனால் சாகவும் இல்லை. காலையில் நான் பிதுக்கிவிட்டால் நடுப்பகல் வரைக்கும் தெளிவாக இருக்கும், கொக்கரிக்கும், மண்ணைக் கிளறும். சாயங்காலம் மறுபடி கண்ணை மூடிக்கொண்டு மூலையில் நிற்கும்.

ஆளுக்கொரு தீர்ப்பு

அந்தக் கோழியை என்ன செய்வது என்பது எங்கள் வீட்டில் சோற்றுக்கு உட்காரும்போதெல்லாம் எழும் வழக்கு.

"அறுத்துத் தூரப் போடுங்க. ரேஷன் அரிசியில கல்லு பொறக்கி மனுசனுக்கே பத்தல. இதுல சீக்குக் கோழிக்கு ஒரு பங்கு" என்பாள் அம்மா.

"அறுத்தா யாரு திங்கது?" என்பார் அய்யா.

"அப்பம் சந்தையில குடுத்துருங்க."

"சீக்குன்னு தெரிஞ்சு இன்னொருத்தன் தலையில கட்டதுக்கு எனக்கு மனசு வராது."

"அப்பம் என்னதான் செய்யணும்ங்கிய?"

அய்யா தண்ணீர் குடிப்பார். அவருடைய தீர்ப்பெல்லாம் தண்ணீர்ச் செம்பிலேயே முடிந்துவிடும். நல்ல மனிதர்தான். ஆனால் எந்தக் காரியத்தையும் தானாக முடித்துவைத்ததில்லை. யாராவது முடித்துவைக்கும் வரை காத்திருந்து, பிறகு வருத்தப்படுவார்.

என் அக்கா சொர்ணம் மட்டும் ஒரு நாள் கிணற்றடிக்கு வந்து, நான் பிதுக்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏளா, அது கண்ணைப் பாத்தியா? உனக்காவத்தான் அது நிக்கி. அதுக்கு வேண்டாம்னு ஆகிப்போச்சு. விட்டுருளா" என்றாள்.

எனக்கு அவள் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. மற்றவர்கள் அரிசிக்காகப் பேசினார்கள், அதற்குப் பதில் சொல்லிவிடலாம். அக்கா கோழிக்காகப் பேசினாள். "உன் சோலியப் பாரு" என்று மட்டும் சொன்னேன்.

அக்காவின் சோலி

அக்காவின் சோலி அப்போது கல்யாணம். சாத்தான்குளத்திலிருந்து மாப்பிள்ளை, பள்ளிக்கூட வாத்தியார். பெண் பார்க்க வந்த அன்று அக்கா காப்பி கொண்டு வைத்தபோது அவர் நிமிர்ந்து, "பேப்பர் படிப்பியளாமே, எந்தப் பக்கம் மொதல்ல பாப்பிய?" என்று கேட்டார். அதுவரை அவளிடம் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. சமைக்கத் தெரியுமா, தைக்கத் தெரியுமா என்பதுதான். அவள் சொன்ன பதில் யாருக்கும் காதில் விழவில்லை. அவர் மட்டும் சிரித்தார். அன்றிலிருந்து அவள் பேப்பரை மடிக்கிற விதமே மாறிவிட்டது. ஓரத்தை நகத்தால் நீவி, சீராக மடித்து வைப்பாள். அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது என்பதைச் சொல்ல எனக்கு வேறு சாட்சி தேவையில்லை.

மாப்பிள்ளையின் தாயார் கெட்டிக்காரி. அந்தம்மாள் பிறந்த வீட்டில் ஒரு காலத்தில் முத்து வாங்கி விற்றவர்கள். எங்கள் அம்மாவின் முத்துக் கம்மலைப் பற்றி யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருந்தாள். "பூ வைக்க வாரப்போ அந்தக் கம்மலை நான்தான் பிள்ளை காதுல போட்டுவிடுவேன்" என்றாள்.

அம்மா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "பேஷாப் போடுங்க. ஒரே சிப்பியில எடுத்த ஜோடி மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டாள்.

அப்படி இருந்தது உண்மை, இருபது வருடத்துக்கு முன்னால். அம்மா எப்போதும் வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறவள். எண்ணெய்த் தலையும் வேர்வையுமாகச் சேர்ந்து வலது காது முத்து பழுப்பேறிப் போயிருந்தது. இடது முத்து பால் மாதிரி வெளுப்பு. இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் எந்தக் குருடனும் ஜோடி என்று சொல்லமாட்டான். வேறு முத்து தேடலாமென்றால், முத்துக்குளிப்பு நடந்தே வருடக்கணக்காகிறது. அதே அளவில், அதே நிறத்தில் ஒன்றுக்கு எங்கே போவது?

பூ வைக்க நான்கு நாள் இருந்தது. அம்மா மாமாவுக்குச் சொல்லி அனுப்பினாள்.

சலாபம் கண்டவர்

மாமா அம்மாவின் ஒரே அண்ணன். முத்துக்குளிப்புக் காலத்தைச் சலாபம் என்பார்கள். இளவட்டமாக இருந்தபோது ஒரு சலாபத்தில் கடற்கரைக் கொட்டகையில் குடிதண்ணீர் சுமந்தவர் மாமா. அதை வைத்து ஆயுசு முழுக்கக் கரடி விட்டார். அவர் சொல்லுவதைக் கேட்டால், கடலடிப் பாரில் சிப்பி எடுத்ததும் அவரே, முத்தைச் சல்லடையில் தரம் பிரித்ததும் அவரே என்றுதான் தோன்றும். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். வரும்போதெல்லாம் மடியில் எனக்கென்று கொஞ்சம் சில்லுக்கருப்பட்டி வைத்திருப்பார்.

பழுப்பு முத்தை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இப்படி முழிக்கிய? கோழி வைத்தியம்தான்" என்றார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மங்கின முத்தைக் கோழிக்கு விழுங்கக் கொடுப்பார்கள். கழுத்தடியில் இருக்கிற இரைப்பையைத் தாண்டினால், வயிற்றுக்குள் கல்லும் மணலும் வைத்து இரையை அரைக்கிற தடித்த பை ஒன்று கோழிக்கு உண்டு. முத்து அதற்குள் போய்க் கொஞ்ச நேரம் உருண்டால் மேலே படிந்த பழுப்பெல்லாம் போய்விடும். உடனே கோழியை அறுத்து எடுத்துவிட வேண்டும். விட்டால் அந்தப் பை முத்தையும் சேர்த்தே அரைத்துவிடும்.

ஆகவே அறுக்கப்போகிற கோழி ஒன்று வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் கொல்லைப்பக்கம் பார்த்தார்கள்.

இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது, கசப்பான சிரிப்புதான். ஒன்பது மாதமாகத் தீராத வழக்கு ஒரே நொடியில் தீர்ந்துவிட்டது. அம்மாவுக்கு அரிசி மிச்சம், அய்யாவுக்குத் தீர்ப்புச் சொல்கிற பாரம் இல்லை, அக்காவுக்குக் கம்மல். அய்யா என்னைப் பார்த்து, "நல்ல காரியத்துக்குத்தானளா" என்றார். ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார்.

"இறங்கினதும் சொல்லு"

மறுநாள் காலையில் மாமா சோற்றை உருட்டி, முத்தை நடுவில் வைத்து, செவலையின் வாயைத் திறந்து தள்ளினார். அது யாரிடமும் வாயைத் திறக்காது. நான் பிடித்துக்கொண்டதால்தான் திறந்தது.

அப்போது நான் சொன்னேன்: "மாமா, இதுக்கு இரை இறங்காதுல்லா. இப்பம் அறுத்தா முத்து மேல்பையிலதான் கிடக்கும். பழுப்பு அப்படியே இருக்கும்."

நான் சொன்னது நிஜம். கோழியைக் காப்பாற்றவும் சொன்னேன், ஆனால் நிஜம்தான். மாமா இரைப்பையைத் தொட்டுப் பார்த்தார். தோலுக்கடியில் முத்து அவர் விரலுக்கு அகப்பட்டது. எத்தனையோ கோழி வைத்தியம் பார்த்ததாகச் சொன்ன மனிதருக்கு, இரை இறங்காத கோழியிடம் முத்தைக் கொடுத்துவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

"சரி, இறங்கட்டும். இனி ஒரு பருக்கைகூடப் போடாத. தண்ணி மட்டும் காட்டு. எண்ணெய் தடவி நீவிவிட்டுக்கிட்டே இரு. இறங்கினதும் ஒரு நிமிசம் தாமசிக்காம எனக்குச் சொல்லு, என்ன?" என்று என் தலையைத் தொட்டுச் சொல்லிவிட்டு, அவர் வேலை பார்த்த பஞ்சுக் குடோனுக்குப் போனார்.

அன்று பள்ளிக்கூடம் போகவில்லை. அலகைத் திறந்து நாலு சொட்டு நல்லெண்ணெய் விட்டேன். மடியில் வைத்துக்கொண்டு பகல் முழுக்க நீவினேன். மணிக்கு ஒரு தரம் அம்மா வந்து நிற்பாள், நான் இல்லையென்று தலையை ஆட்டுவேன். அக்கா கதவுக்கு அப்பால் நின்று என் தலையாட்டலைப் பார்த்துவிட்டுப் போவாள். செவலை பசியில் என் சட்டைப் பித்தானைக் கொத்தியது. ஒரு பருக்கை போட மனசு பதறியது. போடவில்லை.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கையை வைத்தேன். பை இல்லை.

தொங்கின தோல் இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. முத்துமில்லை, புளித்த தண்ணீருமில்லை. ஒன்பது மாதத்தில் முதல் முறையாக அந்தப் பை முழுசாகக் காலியாகியிருந்தது. செவலை என் மடியிலிருந்து குதித்து, ஒரு குலுக்குக் குலுக்கி, கிணற்றடியில் கிளற ஆரம்பித்தது. சாயங்காலத்தில் அது கிளறி நான் பார்த்ததே இல்லை.

அதற்கு வந்த சீக்கு எதுவென்று எனக்கு அந்த நிமிடத்தில் புரிந்தது. பாவம் பாவம் என்று நான் வேளாவேளைக்குத் தின்னக் கொடுத்ததுதான் சீக்கு. பை காலியாவதற்கு முன்னால் அதன்மேலேயே போட்டுப் போட்டு நானே நிரப்பியிருக்கிறேன். ஒரு நாள் பட்டினி, கொஞ்சம் எண்ணெய், இவ்வளவுதான் வைத்தியம். எப்போதோ குணமாகியிருக்க வேண்டிய கோழி.

வாசலில் மாமாவின் குரல். கடற்கரை ஊர் என்று தெருவிளக்கையெல்லாம் அணைக்கச் சொல்லிவிட்ட காலம். இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டிய அவசரத்தில் நடையிலேயே நின்றுகொண்டு கேட்டார்: "முத்து எறங்கிட்டுதா?"

"இல்ல மாமா. இன்னும் பையிலதான் இருக்கு."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

அவர் வந்து தொட்டுப் பார்த்திருக்கலாம். என்னை நம்பினார். "அப்பம் வெள்ளென வாரேன்" என்று போய்விட்டார்.

நாளைக்குக் கோழி கொக்கரித்துக்கொண்டு நின்றால், குணமாகிவிட்டது என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேனா? முத்து எச்சத்தோடு வெளியே வந்துவிடும் என்று நினைத்தேனா? எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்துவிட்டேன். எதையும் நினைக்கவில்லை என்பதுதான் உண்மை. குணமான கோழியை அறுக்கக் கொடுக்க மனசு வரவில்லை. அக்காவின் கம்மல் அந்த நிமிடத்தில் என் ஞாபகத்திலேயே இல்லை.

வாழையிலையில் வைத்தது

விடிந்ததும் மாமா வந்தார். கோழியைத் தூக்கி, கழுத்தடியில் விரலை வைத்தவுடன் அவர் முகம் மாறியது. உடனே அறுத்தார். நான் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தத் தடித்த பையைக் கீறி, கழுவி, வாழையிலைத் துண்டில் வைத்தார்கள். முத்து இருந்தது. பாதி இருந்தது. தோலெல்லாம் போய், துளை அகன்று, சுண்ணாம்புக் கட்டியை எலி கரண்டின மாதிரி இருந்தது. பழுப்பு மட்டும் சுத்தமாகப் போயிருந்தது.

மாமா என்னைப் பார்த்தார். "நேத்து சாயங்காலம் பையில இருந்துச்சா?"

"இருந்துச்சு."

இன்னும் ஒரு தடவை பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டாள். "தண்ணி செமந்த பயலுக்கு முத்து வைத்தியம் ஒரு கேடா? என் பிள்ள வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியே! இனி இந்த வாசப்படிய மிதிக்காத." அண்ணனை அவள் அப்படிப் பேசி அதற்குமுன் நான் கேட்டதில்லை. மாமா கையைக் கழுவிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

பிறகு அம்மா கோழியைப் புரட்டிப் பார்த்தாள். "பை சுத்தமாத்தான் இருக்கு. கோழி நல்லாருக்கே" என்று சொல்லி, குழம்பு வைத்தாள். நானும் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. அதை இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை.

பூ வைக்கிற அன்று அக்கா சாதாரணத் தங்கத் தோட்டோடு வந்து உட்கார்ந்தாள். "கம்மல் தட்டாருகிட்ட இருக்கு" என்றாள் அம்மா. மாப்பிள்ளையின் தாயார் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், அக்காவின் காதைப் பார்த்தாள். "அதுக்கென்ன, கம்மல் வரட்டும். வந்த பெறவு பூ வைப்போம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லி எழுந்தாள். மாப்பிள்ளை தன் அம்மாவின் பின்னாலேயே செருப்பை மாட்டிக்கொண்டு போனார். பேப்பர் படிக்கிற பெண்ணை ரசித்தவருக்கு அவ்வளவுதான் துணிச்சல். தாம்பாளத்தில் பூ அப்படியே இருந்தது. அவர்கள் அப்புறம் வரவில்லை. பொய் சொல்லுகிற வீடு என்று சாத்தான்குளம் முழுக்கப் பேசுகிறார்கள் என்ற சேதி மட்டும் வந்தது.

இரண்டு வருடம் கழித்து அக்காவை விருதுநகர்ப் பக்கம் இரண்டாந்தாரமாகக் கொடுத்தார்கள். பத்து வயதிலும் எட்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். அந்த வீட்டில் பேப்பர் வாங்கும் வழக்கம் இல்லை.

மாமா அதற்கு அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலில் செத்துப்போனார். அம்மா பிணத்தைப் பார்க்கத்தான் போனாள். நான் துணைக்குப் போனேன், மாமாவின் கால்மாட்டில் நின்றேன். அப்போதும் சொல்லவில்லை.

சொன்னபோது

சொன்னது அக்காவிடம்தான், சில வருடங்களுக்கு முன்னால், அத்தான் காலமான பிறகு. அவள் முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நானும் ஒரு கொத்தை எடுத்து உருவிக்கொண்டே, அந்தச் சாயங்காலத்தைச் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவள் என்னைத் தேற்றுவாள் என்று மனதின் ஒரு மூலையில் எதிர்பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இத்தன வருசமா வச்சுக்கிட்டா இருந்தே?"

"ஆமாக்கா."

"அப்படியே வச்சிருந்திருக்கலாம்லா?"

நான் இன்னொரு கொத்தை எடுத்தேன்.

"மாமா மேல கோவப்பட்டுக் கோவப்பட்டு, அது ஒரு வழியா ஆறிப்போச்சு. அவியளும் போய்ச் சேந்துட்டாவ. இப்பம் வந்து, அவிய மேல தப்பில்ல, நீதான்னு சொல்லுத. மறுபடியும் மொதல்லருந்து உம்மேல கோவப்படணும். இந்த வயசுல எனக்கு அதுக்குத் தெம்பு இருக்கா?"

காம்புகளைக் கூட்டி அள்ளிக்கொண்டு எழுந்தாள். "சோறு ஆயிரும். சாப்பிட்டுட்டுப் போ" என்றாள்.

சாப்பிட்டேன். எப்போதும் கூடவே பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்து, பஸ் கிளம்புகிற வரைக்கும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவள், அன்று உள்ளேயிருந்து "கதவைச் சாத்திட்டுப் போ" என்று மட்டும் சொன்னாள்.